எந்தக் கணு?

“எல்லாம் ஒரே தாய்தான் சார். ஒண்ணுக்கு ஒண்ணு நூலளவுகூட வித்தியாசம் இருக்காது.”

நாற்றுப்பண்ணைக்காரர் பெருமையாகத்தான் இதைச் சொன்னார். 40 சவுக்குக் கன்றுகளை இரண்டு தட்டுகளில் அடுக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். அந்த 40 கன்றுகளில் 31 என் வீட்டுப் பின்கட்டு அறையில் செத்துப்போயின. செடி செத்ததைக்கூட மனம் ஒருவாறு ஏற்றுக்கொண்டுவிட்டது. அவர் சொன்ன அந்தச் சொல்லைத்தான் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இரவு விளக்கை அணைத்தால் அதுதான் வந்து நிற்கிறது.

விவரம் அதிகம் இல்லை. தியாகவல்லிப் பக்கம் எனக்கு அரைக் காணி மணல் நிலம் உண்டு. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரையேறியபோது அதிலிருந்த சவுக்கு அத்தனையும் சீவி விட்ட தலைமுடி மாதிரி ஒரே பக்கமாகப் படுத்துவிட்டது. பிறகு வேலை, மகள் கல்யாணம் என்று நிலம் சும்மாவே கிடந்தது. ஓய்வு பெற்றதும் மறுபடி நடலாம் என்று தோன்றியது. இப்போது எங்கள் பக்கம் குளோன் கன்றுகளைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவனத்தார் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மரங்களின் இளங்குச்சிகளை ஒடித்து, வேர்விடும் பவுடரில் தோய்த்து, தென்னை நார்க்கழிவு நிரப்பிய சின்னக் குழாய்களில் ஊன்றி வளர்த்துத் தருகிறார்கள். மூன்று நான்கு வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடும். நான் வாங்கிய வாரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நிலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். மழை விடட்டும் என்று கன்றுகளை வீட்டுக்குள் வைத்தேன். ஜன்னலோரம் ஒரு தட்டு, சுவரோரம் ஒரு தட்டு. செடியை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுவது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, சுவரோரத்துக் கன்று ஒன்றைச் சும்மா தொட்டேன். ஊசி போன்ற அதன் நுனி கையோடு வந்துவிட்டது. ஒடியவில்லை, கிழியவில்லை. ஒரு கணுவில் கழன்று வந்தது. நானும் யோசிக்காமல் அதைப் பழைய இடத்திலேயே செருகினேன். ஒன்றுமே நடக்காதது போல அது நின்றது.

சவுக்கின் இலை என்று நாம் சொல்வது இலையே இல்லை. அது பச்சை நிறத்தில் இருக்கும் மெல்லிய கிளை. விரலை வைத்து மெதுவாக உருட்டினால் கணுக் கணுவாக இருப்பது தெரியும். ஒவ்வொரு கணுவிலும் சீப்புப் பல் போல ஏழெட்டுச் சிறு பற்கள் வட்டமாக நிற்கும். அந்தப் பற்கள்தான் உண்மையான இலைகள். ஒரு கணுவைப் பிடித்து இழுத்தால் உறையிலிருந்து வருவது போல வந்துவிடும். மறுபடி செருகினால் பற்கள் அதைக் கவ்விக்கொள்ளும். கடற்கரை ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. முதுநகரில் எங்கள் சிறுவயதின் பாதி மாலைகள் இந்த விளையாட்டில்தான் போயின. அக்கா ஓர் ஊசியை எடுத்துக்கொண்டு முதுகைத் திருப்பிக்கொள்வாள். ஏதோ ஒரு கணுவில் கழற்றி, திரும்பச் செருகி என் முன் நீட்டுவாள். “எந்தக் கணுடா?”

நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். விரலால் தடவிப் பார்ப்பேன். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வேன். சொல்லிவிட்டுச் சரிபார்க்க இழுத்தால், நான் சொன்ன கணுவும் கழன்றுவிடும். அதுதான் அந்த விளையாட்டில் இருந்த வினோதம். முன்பே கழன்ற கணு எது, நான் இழுத்ததால் கழன்ற கணு எது என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கன்றுகள் சாகத் தொடங்கியதும் நானும் அப்படித்தான் ஒவ்வொரு கணுவாக இழுத்துப் பார்த்தேன்.

முதலில் தண்ணீர். காலையிலும் மாலையிலும் ஊற்றியிருந்தேன். அடித்தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர் எப்போதும் தேங்கி நின்றது. செத்த கன்று ஒன்றைக் குழாயிலிருந்து உருவினேன். வேர் பழுப்பாக இருந்தது. இரண்டு விரலால் பிடித்து இழுத்ததும் மேல்தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே நூல் போல ஒன்று மிஞ்சியது. மூச்சு விட இடமில்லாமல் அழுகிய வேர் அப்படித்தான் இருக்கும். நல்ல வேராக இருந்தால் நுனி வெள்ளையாக இருக்க வேண்டும். சரி, தண்ணீர்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். ஆனால் ஜன்னலோரத் தட்டுக்கும் அதே தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தேன்.

பிறகு வெளிச்சம். பண்ணையில் இந்தக் கன்றுகளை முதலில் ஈரப்புகை சூழ்ந்த அறையில் வைப்பார்கள். வேர் விட்டதும் நிழல்வலைக்குக் கொண்டுவருவார்கள். கடைசியில் வெட்டவெளியில் வைத்து வெயிலுக்குப் பழக்குவார்கள். அப்படி வெயில் பழகி வந்த பிள்ளையைத்தான் நான் கொண்டுபோய் இருட்டறையில் அடைத்தேன். ஒரு டியூப்லைட்டின் வெளிச்சம் வெயிலுக்கு ஈடாகுமா? வெளிச்சம் குறைந்த செடி தண்ணீரை உறிஞ்சுவதும் குறையும். ஊற்றிய தண்ணீர் அப்படியே தேங்கும். அப்படியானால் தண்ணீரும் வெளிச்சமும் இரண்டு காரணமா, ஒரே காரணமா?

மஞ்சள் பூத்ததும் பயந்துபோய் ஒரு சிட்டிகை யூரியா கரைத்து ஊற்றினேன். அழுகிய வேருக்கு உரம் போடுவது, வயிற்றுப்போக்குக்காரனுக்குப் பிரியாணி கொடுப்பது மாதிரி. மறுநாளே நுனிகள் கருகின. சவுக்குக்கு யூரியா அவ்வளவாகத் தேவையில்லை. அதன் வேர்முடிச்சில் பிராங்கியா என்ற நுண்ணுயிர் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனை இழுத்துக் கொடுக்கும். அதற்காகத்தான் பழைய தோப்பு மண்ணை ஒரு கை அள்ளிக் கன்றுக்குப் போடும் வழக்கம் இருக்கிறது. தாவரவியல் படித்த எனக்கு அது நினைவுக்கு வந்தபோது 20 கன்றுகள் போய்விட்டிருந்தன.

கடைசிக் கணக்கு இது. ஜன்னலோரம் 20இல் 8 பிழைத்தன. சுவரோரம் 20இல் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று மட்டும் இல்லாமலிருந்தால் என் மனம் அடங்கியிருக்கும். இருட்டு கொன்றது, வைத்தவன் நான் என்று தீர்ப்பெழுதிவிட்டுத் தூங்கியிருப்பேன். ஒரே தாய், ஒரே தண்ணீர், ஒரே இருட்டு. அப்படியிருக்க அது எப்படிப் பிழைத்தது? வெளிச்சம் வாங்கியும் ஜன்னலோரத்தில் 12 ஏன் செத்தன?

விதையில் வந்த கன்றாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு விதம் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளலாம். அப்படி நான் நிறையக் கழுவியிருக்கிறேன். 30 வருடம் வாத்தியார் வேலை பார்த்தவன்.

என்னை விடாத கதை இதுதான். சவுக்கு அதன் வாசல். இரட்டைப் பிள்ளைகள் இருவர் என்னிடம் படித்தார்கள். கரையோரத்துப் பிள்ளைகள். பெற்றவளைத் தவிர யாருக்கும் அடையாளம் தெரியாது. வருகை எடுக்கும்போது குழம்புகிறது என்பதற்காக ஆறாம் வகுப்பில் ஒருவனை ‘ஏ’ பிரிவிலும் இன்னொருவனை ‘பி’ பிரிவிலும் போட்டேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. என் வசதிதான். அம்மா மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்து கேட்டாள்: “ரெண்டையும் ஒண்ணாவே உக்கார வையுங்க சார்.” முடியாது என்றேன். ‘ஏ’ பிரிவுப் பையன் பத்தாவது முடித்து பாலிடெக்னிக் போனான். ‘பி’ பிரிவுப் பையன் ஒன்பதாவதில் நின்றுவிட்டான். அம்மா மறுபடி வந்தபோது, வாத்தியார்கள் எல்லோரும் வைத்திருக்கும் அந்த வாசகத்தை நானும் சொன்னேன். “ஒவ்வொரு பிள்ளை ஒவ்வொரு மாதிரிம்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். “ரெண்டும் ஒண்ணுதானே சார்” என்று மட்டும் சொன்னாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று அதைப் படிக்காத தாயின் ஆதங்கம் என்று நினைத்துக்கொண்டேன். நாற்றுப்பண்ணைக்காரர் வாயிலிருந்து வந்தபோதுதான் அது ஒரு கேள்வி என்று புரிந்தது. மற்ற பிள்ளைகளின் விஷயத்தில் குற்றத்தைப் பிறப்பின் மேல் போட்டுவிட்டு நான் விலகிக்கொள்ளலாம். இந்த இருவர் விஷயத்தில் அந்தக் கதவு கிடையாது. அந்தக் கதவை எனக்குத் தெரியாமலே சாத்தியவள் அவள்.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நூலகத்தில் ஏதோ ஒரு புத்தகத்தில் வாசித்தது அரைகுறையாக நினைவிருந்தது. இப்போது மறுபடி தேடிப் பார்த்தேன். ஹெர்பர்ட் வெப்பர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1903இல் ‘குளோன்’ என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார். கிரேக்க மொழியில் அதற்குச் சுள்ளி, குச்சி என்று பொருள். அவ்வளவுதான் குளோன். ஒடித்து வைத்த குச்சி. சிதம்பரத்தில் படித்த அதே நாட்களில் எங்களைப் பிச்சாவரத்துக்கு அழைத்துப் போனார்கள். சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, சேற்றில் ஊன்றத் தயாரான பிறகுதான் தாயை விட்டு விழும் என்று பேராசிரியர் காட்டினார். குச்சிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது வேர் இல்லாமலேயே பிரிக்கப்படுகிறது. அன்று எனக்கு இப்படியெல்லாம் தோன்றவில்லை. படகில் மதியச் சாப்பாடு எப்போது என்று காத்திருந்தேன்.

அந்தத் தேடலில் இன்னொன்றும் கிடைத்தது. ஒரே மரத்துக் குச்சிகளும் ஒன்றாக நடந்துகொள்வதில்லை. சில மரங்களில் பக்கக்கிளையிலிருந்து எடுத்த குச்சி, தனி மரமான பிறகும் பக்கவாட்டில் சாய்ந்தே வளரும். தான் தாயின் எந்த இடத்தில் இருந்தோம் என்பதை அது மறப்பதில்லை. நம் வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று வைக்கும் அரக்கேரியா அப்படிப்பட்டது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கும் கைரேகை வேறு வேறுதான். இதைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. ஒரே தாய் என்றாலும் ஒன்றில்லையே! அடுத்த நொடியே வெட்கமாகிவிட்டது. கழுவின கையையே மறுபடி கழுவப் பார்க்கிறேனே என்று.

எங்கள் ஆயா ஒவ்வொரு வருடமும் முருங்கைப் போத்து நடுவாள். மேல் வெட்டில் சாணி உருண்டையை அப்புவாள். “நட்டதை ஆட்டிப் பாக்காதடா” என்பாள். மூன்று நட்டால் இரண்டு துளிர்க்கும். மூன்றாவதைப் பிடுங்கி அடுப்பங்கரையில் போட்டுவிட்டு, “புடிக்கல” என்பாள். அந்த ஒரு சொல்லைத்தான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். செடி பிடித்தது, செடி பிடிக்கவில்லை. நம் மொழியில் அதில் கொன்றவன் இல்லை, குற்றவாளி இல்லை. மண்ணும் செடியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதா இல்லையா என்பது மட்டும்தான். ஆயா தன் பங்கைக் குறைவில்லாமல் செய்துவிட்டு அப்படிச் சொன்னாள். வசதிக்காகப் பிரிவு மாற்றிப் போட்ட நான் அதே சொல்லை எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்றே தோன்றுகிறது.

ஆனால் அந்தப் பையன் படிப்பை விட்ட வருடம் அப்பா படுக்கையில் விழுந்திருந்தார். மாமன் படகில் ஓர் ஆள் குறைந்தது. வீட்டில் ஒருவன் கடலுக்குப் போயாக வேண்டும். யார் போவது என்று அவர்களே பேசி முடிவெடுத்தார்களா, ‘பி’ பிரிவின் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தவனுக்குப் போவது சுலபமாக இருந்ததா, எனக்குத் தெரியாது. அவனைக் கேட்கலாம். துறைமுகத்தில் ஒருமுறை பார்த்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்தான். “சார், நல்லா இருக்கீங்களா?” என்று எழுந்து நின்றான். கேட்க வாய் வரவில்லை. இழுத்துப் பார்த்தால், கழலாத கணுவும் கழன்றுவிடும் என்று பயமாக இருந்தது.

மார்கழி தொடக்கத்தில் தண்ணீர் வடிந்ததும் 9 கன்றுகளையும் கொண்டுபோய் நட்டேன். பக்கத்துப் பழைய தோப்பிலிருந்து மண் அள்ளி வந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கை போட்டேன். இப்போது ஐந்து மாதம் ஆகிறது. ஒன்பதும் நிற்கின்றன. நடும்போது சுவரோரத்துக் கன்றுக்கு ஒரு நூல்கூடக் கட்டி அடையாளம் வைக்கவில்லை. நேற்று வரிசையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இரண்டு முறை நடந்தேன். அது எது என்று தெரியவில்லை.