பனியில் உட்கார்ந்த இருபது நிமிடம்

பனிச்சறுக்கு வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் என்றாலே எல்லோரும் கணக்கில்தான் தொடங்குகிறார்கள். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் 18 வயதில் ஸ்லாலம் தங்கம். ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க் 1989இல் விட்டுச்சென்ற 86 உலகக் கோப்பை வெற்றிகளை 2023 மார்ச்சில் தாண்டினார். 2025 பிப்ரவரியில் நூறாவது வெற்றி. எனக்கு மட்டும், அவர் பனியில் உட்கார்ந்திருந்த காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக். ஸ்லாலமில் சரிவெங்கும் கம்பங்கள் நட்டிருப்பார்கள். ஒன்றைக்கூட விடாமல் வளைந்து இறங்க வேண்டும். ஒரு முறை இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரு கம்பம் தவறினால் நான்கு வருட உழைப்பும் போச்சு. ஸ்லாலமில் மட்டுமே 47 உலகக் கோப்பைப் போட்டிகளை வென்றிருந்தவர், அன்று கிளம்பிய சில நொடிகளிலேயே தடம் விலகினார். இரண்டு நாள் முன்பு ஜயன்ட் ஸ்லாலமிலும் இதே கதைதான். ஓரமாகப் போய், தலையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார். சுமார் இருபது நிமிடம். கேமரா அவரை விடவில்லை. அப்படிக் காட்டியது தவறு என்று பலர் கோபப்பட்டார்கள். நானும் கோபப்பட்டேன், ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

எனக்கு வேலை போன அன்று மாலையே மூன்று பேர் போன் செய்து, அடுத்ததைத் தேடு என்றார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்றார் சித்தப்பா. நல்ல மனசுதான். ஆனால் சறுக்கிய யானையை யாரும் உடனே எழுப்பி ஓடச் சொல்வதில்லையே! எனக்கு அன்று கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டியிருந்தது. அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. விழுந்தவர் உடனே எழுந்தால்தான் பார்க்கிற நமக்கு மனசு ஆறுகிறது; அவசரம் பெரும்பாலும் நம்முடையது.

ஷிஃப்ரினின் அப்பா 2020இல் இறந்துவிட்டார். பெய்ஜிங்கில் அன்று கொடுத்த பேட்டியில், இப்போது அப்பாவுக்குத்தான் போன் பண்ணத் தோன்றுகிறது என்ற பொருளில் சொன்னார். அந்த இருபது நிமிடத்தில் தோல்வி எவ்வளவு, துக்கம் எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

அந்த ஸ்லாலமுக்கு இரண்டு நாள் கழித்து சூப்பர்-ஜி என்ற இன்னொரு வகைச் சறுக்குப் போட்டி. கிளம்பினார், எல்லாக் கம்பங்களையும் கடந்தார், கீழே வந்து நின்றார். ஒன்பதாவது இடம்.