திறமைக்குத் தாய்நாடு எது?

பிறந்த நாட்டை விட்டுச் சென்று வேறொரு நாட்டின் பெயரால் ஆடுகின்றவனை நன்றி மறந்தவன் என்று ஏசுவது எளிது. அத்தீர்ப்பு நியாயமானதுதானா என்பதை நாம் சற்று நிதானித்து ஆராய வேண்டும்.

ஆலந்தலை போன்ற கரைகளுக்கு இக்கேள்வி புதிதன்று. நமது கடற்கரையிலிருந்து இலங்கையின் முத்துப்பார்களுக்கும் குளியாளிகள் சென்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, எஞ்சியதே குளித்தவருக்கு. மூச்சடக்கியவர் ஒருவர், உரிமை கொண்டாடியவர் மற்றொருவர்.

சதுரங்க மேதை மீர் சுல்தான் கானின் வரலாறும் இத்தகையதே. பஞ்சாபில் பிறந்து நாட்டுமுறை ஆட்டத்தில் தேர்ந்த அவர், 1929இல் தம் புரவலர் சர் உமர் ஹயாத் கானுடன் இலண்டன் சென்றார். அவ்வாண்டே பிரிட்டிஷ் சாம்பியனானார். 1932, 1933 ஆண்டுகளிலும் வென்றார். ஒலிம்பியாடில் இங்கிலாந்துக்காக முதற்பலகையில் ஆடினார். முன்னாள் உலக சாம்பியன் கபபிளாங்காவையும் தோற்கடித்தார். 1933 இறுதியில் புரவலர் திரும்பியபோது அவரும் திரும்பினார். ஐரோப்பியப் பந்தயங்களில் அதன்பின் அவரைக் காணோம். 1947இல் அவர் வாழ்ந்த மண் பாகிஸ்தானாயிற்று. 1966இல் மறைந்த அவருக்கு, 2024ஆம் ஆண்டில்தான் உலகச் சதுரங்கச் சம்மேளனம் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது.

மூன்று நாடுகள் அவரைத் தம்மவர் எனலாம். ஆனால் அவ்வாற்றலைக் கடைசிவரை பேணிய நாடு எது?

நம் காலத்து அலிரெஸா ஃபிரூஸ்ஜா 2003இல் ஈரானில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் அந்நாட்டுச் சாம்பியன். இஸ்ரேலிய வீரர்களை எதிர்கொள்ள நேரும் என்பதால் 2019 இறுதியில் ஈரான் தன் வீரர்களை உலகப் போட்டியிலிருந்து விலக்கியது. அவரோ சம்மேளனக் கொடியின்கீழ் ஆடினார். 2021இல் பிரான்சின் குடிமகனானார். “விதைத்தது ஈரான், அறுவடை பிரான்சுக்கா?” என்பார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை. கற்பித்தவருக்கு மாணவன் கடன்பட்டவனே. ஆயினும் கடன் கொடுத்தவர் கடன்பட்டவனின் கையையே கட்டிவைக்க உரிமையுடையவர் அல்லர்.

ஆற்றல் ஓர் அமானிதம். அதைப் பெற்றவனுக்கு மட்டுமன்றி, அவனை வளர்க்கும் ஊருக்கும் நாட்டுக்கும் அதில் பொறுப்புண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளும் சஃபர் சென்று, சிலர் அயல்நாட்டுக் குடியுரிமையும் பெறுகின்றனர். அவர்களைக் குறைகூறுமுன், அவர்தம் கல்விக்கும் உழைப்புக்கும் இங்கே நாம் என்ன இடம் தந்தோம் என்று கேட்போமாக. எழுத்தறிவித்த ஆசானுக்கும் ஈன்ற ஊருக்கும் தாம் செலுத்த வேண்டியது யாதென அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.