கடைசியாக ஓடி வரும் பிள்ளை

கிழக்கிலங்கையில் 2006 போரில் இடம்பெயர்ந்த சம்பூர்க் குடும்பங்கள் பல, கட்டைபறிச்சான் நலன்புரி நிலையத்தில் ஆண்டுக்கணக்காக இருந்தன. 2015இலிருந்துதான் காணிகள் விடுபட, அவர்கள் ஊர் திரும்பினார்கள். அந்த நிலையத்தின் நெருக்கமான கொட்டில்களுக்கிடையே, ஓடியாட இடமில்லாமல் வளர்ந்த பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதினால், அங்கே அளக்கப்படுவது எது?

சைவருக்கு இது விளையாட்டோடு முடிகிற கேள்வி அல்ல. ஆணவ இருளில் கிடக்கும் உயிர் அறியவும் செயல்படவும் தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கையும் இறைவன் மாயையிலிருந்து தருகிறான் என்கிறது சித்தாந்தம். தனு என்பது உடல். விடியும்வரை துணைநிற்கும் விளக்காக அதைச் சொல்வார்கள். அந்த விளக்கு ஒவ்வோர் உயிருக்கும் உண்டு. முதலிடம் பெறும் உயிருக்கு மட்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் நடப்பது வேறு. இல்ல மெய்வல்லுநர் போட்டி வந்தால் நன்றாக ஓடுகிறவர்கள் மைதானத்தில், மற்றவர்கள் கைதட்டப் பந்தலில். பிறகு புலமைப்பரிசில், ரியூசன் என்று விளையாடும் நேரமும் போய்விடுகிறது. 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மிதமான அல்லது தீவிரமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுத் தரவுப்படி, உலகில் பள்ளி செல்லும் 11–17 வயதினரில் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை.

போட்டியில் என்ன அளக்கப்படுகிறது என்று பார்க்க, நின்ற இடத்திலிருந்து பாய்வதையே எடுத்துக்கொள்வோம். முழங்கால் மடிய வேண்டும்; பின்னே போன கைகள் முன்னே வீசும் அதே கணத்தில் பாதம் நிலத்தை உதைக்க வேண்டும். கை சற்றே பிந்தினாலும் தூரம் குறையும். அளவு நாடாவில் தொடையின் பலத்தோடு பழக்கமும் பதிகிறது. ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே வயதுப் பிரிவில் நின்றால், பதினொரு மாத வளர்ச்சியும் சேர்ந்து பதிகிறது. ‘இவனுக்கு விளையாட்டு வராது’ என்பது அவசரத் தீர்ப்பு.

கீதை படிப்பதைவிடக் கால்பந்து உங்களைச் சொர்க்கத்துக்கு நெருக்கமாக்கும் என்று 1897இல் சென்னை இளைஞர்களிடம் சொன்னார் விவேகானந்தர். அவர் வழிவந்த சுவாமி விபுலானந்தர்தான் கிழக்கில் இராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளை வளர்த்தார். விவேகானந்தர் வலிமையைக் கேட்டது நியாயம். வலிமை குறைந்த பிள்ளையின் இடம் எது?

அதற்கு விடை இந்த மண்ணிலேயே நடந்து போகிறது. செல்வச்சந்நிதியிலிருந்து வெருகல் வழியாகக் கதிர்காமம் போகும் பாதயாத்திரையில் கிழவியும் நடக்கிறாள், பேரனும் நடக்கிறான். முந்திப் போனவருக்குப் பதக்கம் இல்லை. பிந்தியவரை யாரும் பந்தலில் உட்காரச் சொல்வதில்லை.

பள்ளிக்கூடத்திலும் இப்படிச் செய்யலாம்: தவணைக்கொரு முறை ஒவ்வொரு பிள்ளையையும் அதே கோட்டிலிருந்து பாயவிட்டு, அந்தப் பிள்ளையின் போன தவணைத் தூரத்துக்குப் பக்கத்தில் புதியதை எழுதலாம். ஒரு நாடாவும் ஒரு கொப்பியும் இருந்தால் போதும்.