பதினோராம் வசனத்துக்கு முன்னால்

நாசரேத், முதலூர், மெஞ்ஞானபுரம் வட்டாரத்தில் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கும், வயதான ஒருவர் மட்டும் விளக்கேற்றுகிற வீடுகளுக்கும் டிசம்பர் பிறந்தால்தான் உயிர் வரும். வாசலில் நட்சத்திரம் ஏறும். சென்னை, பெங்களூர், துபாய் என்று பிழைக்கப் போன பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து இறங்குவார்கள். கீத பவனி, விடியற்காலை ஆராதனை, மத்தியானம் கறிச்சோறு, சாயங்காலம் சொந்தக்காரர் வீடுகள் என்று 25ஆம் தேதி கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். மறுநாளே யாராவது ஒருவர் ரயிலுக்குப் பெட்டி கட்டுவார்.

மொத்தக் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அந்தச் சில நாட்கள்தான். ஆனால் அடுத்த வருஷம் எப்படிப் போகப் போகிறது என்ற பேச்சை மட்டும் யாரும் எடுப்பதில்லை. அம்மா தனியாக இருப்பதா, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் எப்போது, தங்கச்சி கல்யாணத்துக்கு யார் எவ்வளவு போடுவது எல்லாம் ஜனவரியில் போனில் பேசப்படும். பாதிப் பேச்சு கோபத்தில் முடியும்.

எங்கள் வீட்டில் போன கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து சுடும்போது அண்ணன் அந்தப் பேச்சை எடுத்தார். வறுத்து உடைத்த பாசிப்பயறு மாவில் கொதிக்கிற பாகை ஊற்றி, தேங்காயும் எள்ளும் சேர்த்து, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் மாவு உதிரும். அம்மா உள்ளங்கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு உருட்டிக் கொண்டிருந்தார். "எம்மா, அடுத்த வருசம் யாருகூட இருக்கப் போறிய?" என்றார் அண்ணன். "நல்ல நாளும் அதுவுமா இதை எதுக்குல பேசுத?" என்று அம்மா உருண்டையிலிருந்து கண்ணெடுக்காமலே பேச்சை அறுத்துவிட்டார். மைனி அண்ணனை முறைத்தார். அத்தோடு அது முடிந்தது.

எங்கள் பக்கம் எதிர்காலத்தைப் பற்றிய பேச்சு 31ஆம் தேதி ராத்திரி ஆராதனைக்கென்றே ஒதுக்கப்பட்டது. பதினோரு மணிக்கே கோயில் நிறைந்துவிடும். பன்னிரண்டு அடித்து, கை குலுக்கி முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைத் தட்டு வரும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அதுதான் இந்த வருஷத்துக்கு நமக்கு வந்த வசனம். அட்டையில் திட்டு வராது, எச்சரிக்கை வராது, எல்லாம் ஆசீர்வாதம்தான். சிலர் ராசிபலன் பார்ப்பதுபோலத்தான் அதைப் பார்க்கிறார்கள் என்று சொன்னால் எங்கள் சபை ஐயர் கோபித்துக்கொள்வார். இருந்தாலும் உண்மை அதுதான்.

அந்த அட்டைகளில் ஓயாமல் வருவது எரேமியா 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனம். தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளையே கடவுள் வைத்திருக்கிறார் என்று தைரியம் சொல்லும் வசனம். யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து போன கடிதத்தின் நடுவில் இருக்கிறது. 10ஆம் வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதற்கும் மேலே, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடியுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணம் நன்றாக இருக்க ஜெபம்பண்ணுங்கள் என்று கறாரான வேலைப் பட்டியல். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று எருசலேமில் ஜனங்களுக்கு இனிப்பாகச் சொன்னவன் முந்தின அதிகாரத்தில் வருகிற அனனியா. அவன் ஜனங்களைப் பொய்யை நம்பச் செய்தான் என்கிறது வேதம். நமக்கு எரேமியாவின் வசனமும் வேண்டும், அனனியாவின் கெடுவும் வேண்டும்.

மெதடிஸ்டுகளிடம் வேறொரு வழக்கம் உண்டு. ஜான் வெஸ்லி 1755 ஆகஸ்டில் லண்டனில் தொடங்கிவைத்த உடன்படிக்கை ஆராதனை பிறகு புத்தாண்டோடு சேர்ந்துகொண்டது. அதில் மனிதர் கடவுளுக்கு வாக்குக் கொடுக்கிறார்கள். வருஷப் பிறப்புக்கு இது பொருத்தமான காரியம் என்று எனக்குப் படுகிறது. வாங்குவதற்கு மட்டும் கை நீட்டினால் போதாதே.

எங்கள் வீட்டில் கடைசியில் அம்மா வாய் திறந்தது 28ஆம் தேதி சாயங்காலம், விருந்தாட்கள் எல்லாம் போன பிறகு. அதற்குள் சென்னையா பெங்களூரா என்று எங்களுக்குள் ஒரு சுற்று வாக்குவாதமே நடந்து முடிந்திருந்தது. அவர் கேட்டது இரண்டும் இல்லை. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, ராத்திரி துணைக்குப் படுக்க ஓர் ஆள். "கோயிலும் கிணறும் இங்கதான இருக்கு, நான் எங்க போறேன்?" என்றார். மறுநாள் காலையிலேயே கொத்தனாரைக் கூப்பிட்டோம். துணைக்கு வர எதிர்வீட்டு அக்கா ஒத்துக்கொண்டார். அவருக்கான மாதாந்திரப் பணத்தை யார் தருவது என்பதை அண்ணனும் நானும் அங்கேயே உட்கார்ந்து முடித்தோம். பெரிய காரியம் ஒன்றும் இல்லை. போனில் பேசியிருந்தால் இந்தக் கம்பி விஷயம் வெளியே வந்திருக்காது.

இந்த வருஷம் ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வர 26ஆம் தேதிக்கு டிக்கெட் போடாதீர்கள். 29 வரைக்காவது இருங்கள். பண்டிகைச் சந்தடி அடங்கிய ஒரு சாயங்காலம் பெரியவர்களிடம், அடுத்த வருஷத்துக்கு உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். முதல் தடவை பேச்சை மாற்றுவார்கள். மறுபடியும் கேளுங்கள்.