பங்குப் பணமும் பொது மண்டபமும்

தலைநகரில் ஒரு மண்டபம் எழும்போது அதன் உயரத்தைக் கண்டு வியப்போர் பலர். அதன் அடித்தளத்தில் கிடக்கும் பணம் யாருடையது என வினவுவோர் சிலரே. அவ்வினா கணக்கர்க்கு மட்டும் உரியதன்று. அறம் பயில்வோர்க்கும் உரியது.

ஈப்போ நகர மண்டபத்தை நோக்குக. 1910களில் ஹப்பக் என்னும் கட்டடக் கலைஞரின் வரைவில் எழுந்த அவ்வெண்ணிற மாளிகை ஆட்சியாளர் எழுப்பியது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயமும் தோட்டங்களின் ரப்பரும் அரசுக்கு வருவாய் ஈட்டித் தந்த காலம் அது. பால்மரம் வெட்டியவனிடம் எவரும் இசைவு கேட்டிலர். கேட்கும் வழக்கமும் அன்றில்லை.

நன்கொடை வேறு வகையினது. 1950களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறைக்குத் தமிழ் நூல்கள் சேர்த்தலே அதன் நோக்கம். எளிய உழைப்பாளரும் அதற்கு ஈந்தனர். அவருள் பலர் அந்நூலகத்தின் வாயிலைக்கூட மிதித்திரார். எனினும் அவரை ஏமாந்தவர் எனல் பொருந்தாது. எதற்கெனக் கேட்டனரோ அதற்கே கொடுத்தனர். திரும்பப் பெறும் எண்ணமும் அவர்க்கில்லை.

பங்குப் பணத்தின் இயல்பு இவ்விரண்டினும் வேறு. 1957இல் நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி ஐரோப்பிய நிறுவனங்கள் பல தம் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மீண்டும் விற்றனர். தோட்டத் தொழிலாளிக்கு வேலையும் வீடும் ஒன்றே. வேலை போயின் லயமும் போம். இந்நிலையிற்றான் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன், தொழிலாளரே தோட்டத்தை வாங்கட்டும் என்று முன்வந்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. வைகறையில் பிரட்டுக்கு நின்று, நாளெல்லாம் உழைத்துப் பெற்ற சம்பளத்தினின்று மிச்சம் பிடித்த வெள்ளிகள் பங்குகளாயின. அப்பணத்தோடு ஒரு சொல்லும் சேர்ந்தே வந்தது: நிலம்.

பின்னாளில் அச்சங்கத்தின் பெயரால் கோலாலம்பூர் சுல்தான் சுலைமான் சாலையில் விஸ்மா துன் சம்பந்தன் எழுந்தது. அதனுள் சோமா அரங்கம் உள்ளது. தமிழ் நூல் வெளியீடுகள் பல அங்கு நிகழ்கின்றன. நிலத்திற்கெனத் திரண்ட முயற்சி மாநகரில் மாடி கட்டலாமா?

கூடாது என்பாரின் கூற்றை எளிதில் தள்ளிவிடல் இயலாது. ஈப்போவிலிருந்து தலைநகர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். தோட்டத்து மூதாட்டி அவ்வரங்கில் அமர்ந்து ஓர் உரை கேட்பது அரிது. மேடையில் மாலை வாங்குபவர் பெரும்பாலும் பங்கு செலுத்தியவர் அல்லர். (மாலைக்குப் பஞ்சமில்லாத மேடைகள் நம்முடையவை!) ஆயினும் வேறொன்றையும் எண்ணுதல் வேண்டும். ரப்பர் விலை உலகச் சந்தையின் கையில் உள்ளது. மரம் முதிர்ந்து போகும். பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாக மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. நிலம் ஒன்றையே பற்றி நிற்பதும் இடர்ப்பாடுடையதே. வாடகை ஈட்டும் கட்டடம் பங்காளியின் முதலைக் காக்குமாயின், அது நோக்கத்தின் நீட்சியேயன்றி மீறல் ஆகாது.

எனவே மாநகரா தோட்டமா என்பதன்று வழக்கு. முடிவெடுத்தவர் யார் என்பதே வழக்கு. கூட்டுறவின் அடிப்படை, பங்கு எத்துணையாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது. நூறு பங்குடையார்க்கும் ஒரு பங்குடையார்க்கும் வேறுபாடில்லை. ஆனால் உறுப்பினர் பல்லாயிரவராகும்போது பெரிய சங்கங்களில் பேராளர் வழியாகவே அவ்வாக்கு கூட்டத்தைச் சென்றடைகிறது. பேராளர் ஊர் திரும்பி, இன்ன செலவுக்கு இன்ன காரணத்தால் கை உயர்த்தினேன் என்று தம்மை அனுப்பியோரிடம் உரைக்கும்வரை அந்த இசைவு பாதி இசைவே. ஆண்டறிக்கையின் வரவு செலவுப் பக்கத்தைச் சுங்கை சிப்புட்டிலுள்ள முதியவர் ஒருவர்க்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட அரைமணி நேரம் போதும். அதற்குத் தமிழ்ப்பள்ளியின் ஒரு வகுப்பறையே இடந்தரும்.