யாருக்குரிய உண்மை?

ஐதராபாத் ரெட் ஹில்ஸில் உள்ள எம்.என்.ஜே. புற்றுநோய் மருத்துவமனைக்குத் தெலுங்கு, உருது, மராத்தி பேசுபவர்கள் வருகிறார்கள். எந்த மொழியானாலும் மகன் மருத்துவரைத் தனியே அழைத்துக் கேட்பது ஒன்றுதான்: "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்."

இது அன்பில் பிறந்த வேண்டுகோள். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இடம் கொடுக்கிறார். ஆனால் அந்த நன்மை யாருடையது?

நோயின் தீவிரத்தை மருத்துவர் மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது என்கிறது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை. நோயாளிக்கோ உறவினருக்கோ தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த 'ஓ'வில்தான் சிக்கல். உறவினரிடம் சொன்னதும் கடமை முடிந்ததாகிவிடுகிறது.

உண்மை மறைக்கப்பட்டவர் இழப்பது அதிகம். சொத்தைப் பிரித்துக்கொடுப்பது, பேச்சு நின்றுபோன தம்பியைக் கூப்பிடுவது, ஒருமுறை திருப்பதியோ அஜ்மீரோ போய்வருவது எல்லாம் நாள் குறைவு என்று தெரிந்தவரால்தான் முடியும். 2018-இல் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்த முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணமும், நோய் தெரியாதவருக்கு வெறும் காகிதம்.

அதற்காக முகத்துக்கு நேரே போட்டு உடைப்பதும் கொடுமை. கெட்ட செய்தியைச் சொல்வதற்காக மருத்துவர்கள் பெய்லும் பக்மனும் சகாக்களும் 2000-இல் வெளியிட்ட 'ஸ்பைக்ஸ்' முறை, சொல்வதற்கு முன் கேட்கச் சொல்கிறது: உங்களுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? வேண்டாம் என்பவரின் மறுப்பும் மதிக்கப்படும். மருத்துவருக்கு அப்பாவின் மொழி தெரியாமல், மொழிபெயர்ப்பவர் மகனாகவே இருந்தால் அந்தக் கேள்வி அப்பாவை எட்டாமலே போகலாம். அங்கே நோயாளியின் மொழி தெரிந்த ஒரு செவிலியர் கட்டிலருகே நின்றாக வேண்டும்.