எஞ்சும் தூசியும் மாயையும்

சிமென்ட் ஆலையின் வடிகட்டிப் பைக்குள் சுமார் 6 பார் அழுத்தத்தில் தேக்கிய காற்றை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பாய்ச்சுகிறார்கள். பை விம்மி, வெளியே படிந்த தூசியை உதறுகிறது, முழுவதையும் அல்ல. சாதாரணத் துணிப்பையில் நுண்துகளைப் பிடிப்பது பெரும்பாலும் எஞ்சிய தூசிப் படலமே. மிகையாக உதறினால் புகைபோக்கியில் தூசி கூடும், துணியும் சீக்கிரம் நையும். தூய்மை என்பது அழுக்கை அடியோடு நீக்குவதே என்ற எண்ணத்தை இது அசைக்கிறது.

அழுக்குக்கு வக்காலத்தா இது? இல்லை. சைவ சித்தாந்தம் மலங்களை, அதாவது உயிரைப் பற்றிய அழுக்குகளை, ஒன்றாகக் கருதுவதில்லை: ஆணவம் அறிவை மறைக்கிறது, மாயையோ உடலும் மனமும் தந்து அறிவு விளங்கத் துணைநிற்கிறது. சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் திருவருட்பயன் நூலில் மாயையை விடியும்வரைக்குமான விளக்காகக் கண்டது இதனால்தான். பையிலும் தூசி தடித்தால் காற்றோட்டம் அடைபடும், ஆகவே உதறல் வேண்டும். உடலை வதைத்து ஒரேயடியாகத் தூய்மை தேடும் தவத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.